சுதேசிப் பலகை மாட்டியாயிற்று. பொட்டலத்தில் எதைப் பார்ப்பது?

புதுதில்லி:

சட்டைப்பையில் உள்ள சீப்பு உள்நாட்டுத் தயாரிப்பா, அயல்நாட்டுத் தயாரிப்பா என்பதுகூட மக்களுக்குத் தெரிவதில்லை என்று பிரதமர் நரேந்திர மோடி 2025 செப்டம்பர் 21-ஆம் தேதி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் குறிப்பிட்டார். அவர் சொன்னது உண்மை. ஆனால், தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு அந்த உரையில் விடை இல்லை.

இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷிய கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் வரி விதித்தது. திருப்பூர் பின்னலாடையும் சூரத் வைரமும் ஆந்திர இறாலும் ஒருசேர அடிபட்டன. வரி அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே, ஆகஸ்ட் 2-ஆம் தேதி வாராணசியில் பிரதமர் சுதேசி அழைப்பை விடுத்தார். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பேசுகையில், சுதேசிப் பொருள்கள் விற்கப்படுவதாகக் கடைகளில் பலகை வைக்குமாறு வணிகர்களைக் கேட்டுக்கொண்டார். 1905 ஆகஸ்ட் 7-இல் கொல்கத்தா டவுன் ஹாலில் தொடங்கிய சொல் 120 ஆண்டுகளுக்குப் பிறகு மளிகைக் கடை வாசலுக்கு மீண்டும் வந்தது.

கனடா காட்டிய வழி

இதே வரி ஆயுதத்துக்கு இந்தியாவுக்கு முன்பே இலக்கான நாடு கனடா. 2025 பிப்ரவரி 1-இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் 25 சதவீத வரி உத்தரவில் கையெழுத்திட்ட அன்றிரவே, அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, கடையில் பொருளை எடுக்குமுன் அதன் மேலுள்ள சீட்டைப் பார்த்துக் கனடியப் பொருளைத் தேர்ந்தெடுக்குமாறு மக்களிடம் கேட்டுக்கொண்டார். மார்ச் 4-இல் வரி நடைமுறைக்கு வந்ததும், ஒன்டாரியோ மாகாண அரசின் மதுக்கடைகளில் அமெரிக்க மது வகைகள் அலமாரியிலிருந்து அகற்றப்பட்டன. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள வணிகம் அது. கைப்பேசியால் பட்டைக்குறியைப் படித்துப் பொருளின் பூர்வீகத்தைச் சொல்லும் செயலிகள் சில வாரங்களில் முளைத்தன. எல்லை தாண்டிச் சென்று மலிவாக வாங்கி வருவது அங்கே நெடுநாள் பழக்கம். 2025-இல் பல மாதங்களில் அமெரிக்காவுக்குக் காரில் சென்று திரும்பிய கனடியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறை கணக்கிட்டது.

இந்த வேகத்துக்கு நாட்டுப்பற்று மட்டும் காரணமன்று. சட்டம் முன்கூட்டியே வகுத்து வைத்திருந்த அளவுகோலும் உதவியது. கனடாவில் 'கனடாவின் விளைபொருள்' என்று ஒரு பண்டத்தின் மீது அச்சிட வேண்டுமானால், அதன் செலவில் குறைந்தது 98 சதவீதம் கனடாவில் ஆகியிருக்க வேண்டும். உணவுப் பொருளாயின் அயல்நாட்டுச் சேர்மானம் 2 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 'கனடாவில் தயாரிக்கப்பட்டது' என்பது வேறு; உணவல்லாத பண்டங்களில் அதற்கு 51 சதவீதம் போதும், ஆனால் இறக்குமதிச் சரக்கு கலந்திருப்பதையும் உடன் குறிப்பிட வேண்டும். தவறாக அச்சிட்டால் நடவடிக்கை எடுக்க உணவு ஆய்வு முகமையும் போட்டி ஆணையமும் உள்ளன. சிக்கல்கள் இல்லாமல் இல்லை. கனடியக் குளிர்காலத்தில் ஆரஞ்சு விளையாது. கீரைக்கும் கலிபோர்னியாவை நம்பிய நாடு அது. ஆகவே பல குடும்பங்களுக்குக் 'கனடியப் பொருள்' என்பது நடைமுறையில் 'அமெரிக்கப் பொருள் அல்லாதது' என்று ஆகி, மொராக்கோ, ஸ்பெயின், மெக்சிகோ பழங்கள் கூடையில் விழுந்தன. ஆயினும் எதை எடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

சோப்பு யாருடையது?

இந்தியாவில் அடிப்படைக் கேள்வியே இன்னும் தீரவில்லை. 2025 ஆகஸ்ட் 26-இல் குஜராத்தின் ஹன்சல்பூரில் சுசுகி நிறுவனத்தின் மின்சாரக் காரை அனுப்பிவைத்துப் பேசிய பிரதமர், முதலீடு டாலரா பவுண்டா என்பது பொருட்டன்று, உற்பத்தியில் நம் நாட்டவரின் வியர்வை இருந்தால் அது சுதேசிதான் என்ற கருத்தை முன்வைத்தார். ஜப்பானிய நிறுவனத்தின் வளாகத்தில் அதைத்தவிர வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்பது ஒருபுறம். ஆனால் அவரது கட்சியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச், 1991-இல் தோன்றியது முதல் உரிமையாளர் யார், லாபம் எங்கே போகிறது என்பதையே பேசிவந்திருக்கிறது. இரண்டு வரையறைகளையும் ஒரே கடையில் பொருத்திப் பார்த்தால் முரண்பாடு விளங்கும்.

தமிழகக் குளியலறைகளில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஹமாம் சோப்பு, டாடாவின் எண்ணெய் ஆலை நிறுவனத்தில் பிறந்தது. அந்நிறுவனம் 1990-களில் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது ஹமாமும் உடன் சென்றது. லைப்பாய், லக்ஸ், சர்ப் ஆகியவற்றையும் விற்கும் அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 62 சதவீதப் பங்கு லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட யூனிலீவருடையது. கோல்கேட்டின் இந்திய நிறுவனத்தில் 51 சதவீதம் அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. 1977-இல் கோக கோலா வெளியேறிய வெற்றிடத்தில் வளர்ந்த தம்ஸ் அப், 1993-இல் அதே கோக கோலாவிடம் விற்கப்பட்டது. பாட்டா இந்தியக் காலணி என்றே எண்ணி வாங்குவோர் இன்றும் பலர். பிரதமரின் வரையறைப்படி இந்நிறுவனங்கள் இங்குள்ள ஆலைகளில் செய்வன அனைத்தும் சுதேசி. மஞ்ச்சின் வரையறைப்படி எதுவும் சுதேசி அன்று.

செப்டம்பர் 22-இல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் மீதான ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்குறைப்பும் சுதேசி அழைப்பும் ஒரே உரையில் வந்தன. ஆனால் அந்தச் சலுகை உரிமையாளரின் நாட்டைப் பார்ப்பதில்லை. சிறு நகரத்துச் சோப்பு ஆலைக்கும் பன்னாட்டு நிறுவனத்துக்கும் விகிதம் ஒன்றே.

தன் கொள்முதலுக்கு மட்டும் அரசு கறாரான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. 2017-இல் பிறப்பிக்கப்பட்டு 2020-இல் கடுமையாக்கப்பட்ட ஆணையின்படி, அமைச்சகங்களுக்குப் பொருள் விற்பவர் 50 சதவீத உள்நாட்டு மதிப்பு காட்டினால் முதல் வகுப்பு, 20 சதவீதம் காட்டினால் இரண்டாம் வகுப்பு. அமைச்சக அலுவலகத்துக்கு நாற்காலி வாங்கும் அதிகாரிக்கு இந்த விவரம் எழுத்தில் வந்து சேரும். அதே நாற்காலியை வீட்டுக்கு வாங்குபவருக்கு வராது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் இறக்குமதிப் பண்டத்தில் நாட்டின் பெயரைக் கேட்கின்றன. இங்கே பூட்டப்பட்ட பண்டத்தில் உள்நாட்டுப் பங்கு எத்தனை என்று கேட்பதில்லை. கல்வான் மோதலுக்குப் பின் 2020-இல் சீனப் பொருள் புறக்கணிப்பு முழக்கம் எழுந்தும், 2024-25-இல் சீனாவுடனான வணிகப் பற்றாக்குறை 9,900 கோடி டாலரைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு விளக்கம். உதிரிபாகங்களாக வருவது கடைக்காரரின் கண்ணுக்கே படுவதில்லை.

பருப்பின் பிறப்பிடம்

சீப்பையும் சோப்பையும்விடப் பெரிய செய்தி சமையலறையில் இருக்கிறது. தமிழகத்தில் மைசூர்ப் பருப்பு என்று வழங்கும் மசூர் பருப்பில் பெரும் பங்கு மைசூரிலிருந்தும் வருவதில்லை, இந்திய வயலிலிருந்தும் வருவதில்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணமும் ஆஸ்திரேலியாவும்தான் அதை அனுப்புகின்றன. தங்கள் நாட்டுப் பொருளையே வாங்குவோம் என்று கனடியக் குடும்பங்கள் உறுதி பூண்ட அதே ஆண்டில், அவர்கள் விவசாயிகள் விளைவித்த பருப்பு தில்லி நயா பஜார் மொத்தக் கடைகளில் மூட்டை மூட்டையாக இறங்கியது. 2023-இல் இரு நாட்டுத் தூதர்களும் மாறி மாறி வெளியேற்றப்பட்ட நாள்களிலும் இந்த வணிகம் நிற்கவில்லை.

2024-25-இல் பருப்பு இறக்குமதி 70 லட்சம் டன்னைக் கடந்து புதிய உச்சம் தொட்டது. அதில் 20 லட்சம் டன்னுக்கு மேல் மஞ்சள் பட்டாணி. 2017-இல் 50 சதவீத வரி விதித்துத் தடுக்கப்பட்ட இந்தப் பட்டாணிக்கு, 2023 டிசம்பரில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, வரி முழுவதும் நீக்கப்பட்டது. விலை மலிவென்பதால் அது கடலைப் பருப்பின் இடத்தில் புகுந்தது. துவரையும் கடலையும் பயிரிட்ட மகாராஷ்டிர, கர்நாடக, மத்தியப் பிரதேச விவசாயிகள் விலைச் சரிவைப் பற்றி முறையிட்டபின், 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி திரும்பி வந்தது. மசூருக்கு அதே ஆண்டு மார்ச்சில் 10 சதவீதம் விதிக்கப்பட்டது. சமையல் எண்ணெயில் நிலைமை தலைகீழ்: தேவையில் பாதிக்கு மேல் இந்தோனேசியா, மலேசியா, அர்ஜெண்டினா, ரஷியா, உக்ரைன் நாடுகளிலிருந்தே வருகிறது, 2025 மே இறுதியில் கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து வந்தது சுதேசி அழைப்பு.

நுகர்வோருக்கு விலை ஏறக்கூடாது, விவசாயிக்கு விலை இறங்கக்கூடாது என்ற இரண்டுக்கும் நடுவில் எந்த அரசும் திண்டாடும். அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் துறைமுகத்தில் தீர்மானிக்கப்படும் ஒன்றை, இல்லத்தரசியின் கூடையில் தீர்த்துவிடலாம் என்பதுபோல் பேசுவது பொருந்தாது. 2025 அக்டோபர் 11-இல் தொடங்கிய பருப்புத் தற்சார்புத் திட்டத்துக்கு 11,440 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையில் முழுமையாகக் கொள்முதல் செய்வதாக அதில் உறுதி தரப்பட்டிருக்கிறது. சுதேசிக்கு இதுவே மெய்யான சோதனை.

கதரும் கொடியும்

சுதேசியின் மூலச் சின்னமான கதரின் கணக்கும் கூர்ந்து பார்க்கத்தக்கது. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் 2024-25 விற்பனை 1.70 லட்சம் கோடி ரூபாய் என்று பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. அதில் கதர்த் துணியின் பங்கு ஏறத்தாழ 7,146 கோடி மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி கிராமத் தொழில்களுடையது. ராட்டையில் ஒரு சிட்டம் நூல் நூற்பவருக்குக் கூலி 2025 ஏப்ரலில் பன்னிரண்டரை ரூபாயிலிருந்து 15 ரூபாய் ஆயிற்று. இதற்கு முன், 2021 டிசம்பரில் கொடிச் சட்ட விதிகள் திருத்தப்பட்டு, பாலியஸ்டரிலும் இயந்திரத்திலும் தேசியக் கொடி செய்ய அனுமதி கிடைத்தது. அதுவரை கையால் நூற்ற, நெய்த துணிக்கே இருந்த உரிமை அது. தரச்சான்று பெற்று கதர்க் கொடி செய்யும் ஹுப்ளி பெங்கேரி நிலையத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. வீடுதோறும் மூவர்ணக்கொடி இயக்கம் மறு ஆண்டே வந்தது. கோடிக்கணக்கான கொடிகள் விற்றன.

இணையவழி விற்பனையில் பொருள்களை அவற்றின் நாட்டுவாரியாகத் தேடி எடுக்கும் வசதியைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை, 2025 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. பொட்டலமிட்டு இணையத்தில் விற்கப்படும் இறக்குமதிப் பண்டங்களுக்கானது அந்த விதி. சாக்கைப் பிரித்து, தராசில் நிறுத்து, காகிதத்தில் மடித்துத் தரப்படும் பருப்புக்கு அது பொருந்தாது.