கேஸ் போய்விட்டது என்பதற்கு முன்

ஃபிரிட்ஜில் வைத்த பால் திரிந்துபோயிற்று என்று வீட்டார் முறையிட்டதும், கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, வேறு எவ்விதப் பரீட்சையும் செய்யாமலே, "கேஸ் போய்விட்டது, சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு சில சமயங்களில் சரியாகவும் இருப்பதுண்டு. ஆயினும், ஃபிரிட்ஜோ ஏ.சி.யோ குளிர்விக்காமல் நின்றுவிடுகிற சந்தர்ப்பங்கள் பலவற்றில், கேஸ் இருந்தது இருந்தபடியே இருக்க, அதைச் சுழலச் செய்யும் மோட்டாரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று நிர்ணயிக்கும் சிறு மின்சார உறுப்புகளில் ஏதேனும் ஒன்றே பழுதுபட்டிருக்கும். அந்த உறுப்பைக் கண்டுபிடிக்கும் முறை சாதாரண வாசகருக்கும் விளங்கக்கூடியதே என்பதும், அதை விளங்கிக்கொண்டவர் வீண் செலவிலிருந்து தப்பலாம் என்பதுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணங்கள்.

முதலில் கேஸைப் பற்றிய ஒரு பிரமையைப் போக்கிவிட வேண்டும். அது வாகனத்துப் பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாகித் தீர்ந்துபோகும் பொருளன்று. கம்ப்ரசரால் அழுத்தப்பட்டு, பின்புறத்துக் குழாய்களில் தன் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, தலைமயிர் போன்று மெலிந்த துளையுள்ள கேப்பிலரிக் குழாய் வழியாகச் சென்று, கூலிங் காயிலில் ஆவியாகி உள்ளிருக்கும் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு, மீண்டும் கம்ப்ரசருக்கே வந்து சேரும் அது, முழுக்கப் பற்றவைத்து மூடப்பட்ட ஒரு வட்டத்துக்குள் ஆண்டுக்கணக்கில் குறையாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியது. குறைந்திருக்குமானால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவைத் தேடி அடைக்காமல் கேஸ் நிரப்புவது, நிரப்பியவருக்கு வருமானமேயன்றி உடையவருக்குப் பரிகாரமன்று. அதிலும் இக்காலத்துச் சிறு ஃபிரிட்ஜ்களில் நிரப்பப்படும் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன், பல மாடல்களில் 50 கிராமுக்கும் குறைவாகவே இருக்கிறது. எளிதில் தீப்பற்றக் கூடியதும்கூட. 'எதற்கும் பிரஷர் பார்த்துவிடுவோம்' என்று பற்றவைத்த குழாயைத் துளைத்து மீட்டரை மாட்டும்போது, அந்தச் சொற்ப கிராம்களில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. இல்லாத நோயைச் சோதிக்கப் புகுந்து அந்த நோயையே உண்டாக்கிவிடுவதாக இது முடிகிறது. ஆகவே மின்சாரப் பரீட்சைகள் அனைத்தும் முடிந்த பின்னரே குழாயில் கை வைக்க வேண்டும்.

அறையின் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் மின்சார ஏற்பாட்டின் சரித்திரத்தைத் தேடிப் போனால், அது குளிர்விக்கும் தேவையிலிருந்தன்றி, குளிர்தேசத்து வகுப்பறைகளைச் சூடாக்கும் தேவையிலிருந்து வளர்ந்ததைக் காண்கிறோம். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து வொய்ட்வாட்டர் என்னும் ஊரில், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் போதித்துவந்த வாரன் ஜான்ஸன் என்பவர், கல்லூரிச் சேவகர் அவ்வப்போது அறை அறையாக நுழைந்து உஷ்ணமானியைப் பார்ப்பதும், உடனே நிலவறைக்கு இறங்கிச்சென்று உலையின் காற்றுக் கதவைத் திருப்புவதுமாக இருந்ததால் பாடம் தடைப்படுவதைக் கண்டு, அறையின் உஷ்ணம் மாறியதை நிலவறைக்கு மணியடித்து அறிவிக்கும் ஒரு மின்சாரக் கருவியை இயற்றி, 1883ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1885இல் மில்வாக்கி நகரில் இத்தகைய கருவிகளுக்கென்றே ஒரு கம்பெனியும் எழுந்தது. அந்தக் கல்லூரியின் நிலையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இன்றைய எந்த யந்திரத்தின் கட்டுப்பாட்டையும் புரிந்துகொள்ளலாம். உஷ்ணமானி அறிந்தது, சேவகரின் புத்தி முடிவு செய்தது, உலைக் கதவு அந்த முடிவை நிறைவேற்றியது. அறிதல், முடிவு செய்தல், நிறைவேற்றல் என்னும் இம்மூன்றில் எது தவறியது என்று கேட்பதும், அம்மூன்றையும் இணைக்கும் கம்பிகள் அறுந்தனவா என்று பார்ப்பதுமே பழுது நிதானம் என்னும் வித்தையின் சாரம்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் முதலிரண்டு காரியங்களையும் தெர்மோஸ்டாட் ஒன்றே செய்கிறது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய உலோகக் குழாயின் நுனி, கூலிங் காயிலோடு ஒட்டிப் பிணைக்கப்பட்டிருக்கும். குழாய்க்குள் அடைபட்ட ஆவி, உஷ்ணம் ஏறும்போது அழுத்தம் மிகுந்து ஒரு சிறு துருத்தியை விரியச் செய்ய, அது வில்லை எதிர்த்துத் தள்ளி மின்தொடர்பை இணைக்கிறது. குளிர்ந்ததும் துருத்தி சுருங்கித் தொடர்பு விடுபடுகிறது. இவ்வளவு தெரிந்தால் குறிகளைப் படிப்பது கடினமன்று. குழாய் ஒடிந்து ஆவி வெளியேறிவிட்டால் துருத்தி விரியாது. கம்ப்ரசர் ஓடவே ஓடாது. தொடர்புமுனைகள் தீப்பொறியால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டாலோ, குழாயின் நுனி காயிலிலிருந்து விலகிக் கிடந்தாலோ, கம்ப்ரசர் நிற்பதே இல்லாமல் கீழ்த்தட்டில் வைத்த கத்தரிக்காய்கூடக் கல்லாக உறைந்துபோகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தெர்மோஸ்டாட்டின் இரு கம்பிகளையும் தற்காலிகமாக இணைத்து மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தால், கம்ப்ரசர் ஓடுமாயின் குற்றவாளி தெர்மோஸ்டாட் என்பது நிச்சயமாகிறது. சோதனைக்காகச் செய்யும் இந்த இணைப்பையே நிரந்தரமாக்கி, 'டைரக்ட் பண்ணிவிட்டேன்' என்று சொல்லிப் போய்விடுபவர்கள் இருக்கிறார்கள். அது பழுதுபார்ப்பதன்று; பழுதை வேறோர் இடத்துக்கு மாற்றி வைப்பது.

நிறைவேற்றும் பொறுப்பு கம்ப்ரசரின் பக்கவாட்டில் சிறு மூடிக்குள் ஒளிந்திருக்கும் ரிலே, ஓவர்லோடு என்னும் இரண்டினுடையது. புறப்படும் கணத்தில் மட்டும் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் சுற்றுக்கு மின்சாரம் தந்து பிறகு விலகிக்கொள்வது ரிலே. மோட்டார் அளவுமீறிச் சூடானாலோ மின்னோட்டம் மிகுந்தாலோ தொடர்பைத் துண்டித்துக் காப்பது ஓவர்லோடு. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களைப் பிணைத்த தகடு சூட்டில் வளைவதைக் கொண்டே ஓவர்லோடு வேலை செய்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கப்பற் கடிகாரம் இயற்றிய ஜான் ஹாரிசன் தம் கடிகாரத்துக்காகக் கண்ட உபாயம் அது. கரண்ட் போய் உடனே திரும்பி வரும் ஊர்களில், ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து 'ம்ம்' என்ற உறுமலும் சில விநாடிகளில் 'டிக்' என்ற ஓசையும் மாறிமாறிக் கேட்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்ற மறுநிமிஷமே, அழுத்தம் இருபுறமும் சமமாகாத நிலையில், அதனால் புறப்பட முடிவதில்லை. புறப்பட முயலும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்க, ஓவர்லோடு தொடர்பை வெட்டிவிடுகிறது. மூன்று நிமிஷம்போல விட்டுவிட்டால் தானே சரியாகிவிடும் இது பழுதே அன்று. ஸ்டெபிலைசர்களில் தாமதமாக மின்சாரம் விடும் ஏற்பாடு வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் அரைமணி கழித்தும் அதே உறுமலும் 'டிக்'கும் நீடித்தால், முதலில் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 160 வோல்ட் மட்டுமே இருக்குமானால், புறப்படும் திருகுவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது பாதிக்கும் கீழே போய்விடும். யந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமலே அது ஓடாது.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் ரிலேயைக் கழற்றிப் பார்க்கலாம். இப்போது வழங்கும் பி.டி.சி. ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே உடைந்த வில்லை கலகலவென்று ஒலிப்பதுண்டு. அந்த ஒலி கேட்டால் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. கேட்கவில்லையென்றால் கம்ப்ரசரின் மூன்று ஊசிகளுக்கு மல்டிமீட்டரைக் கொண்டுபோக வேண்டும். இரண்டிரண்டாகத் தொட்டால் மூன்று அளவுகள் கிடைக்கும். உதாரணமாக 12, 18, 30 ஓம் என்று வந்தால், சிறிய இரண்டின் கூட்டுத்தொகை பெரியதற்குச் சமமாக இருப்பதால் சுற்றுகள் நலமாக இருக்கின்றன என்று கொள்ளலாம். பெரிய அளவைக் காட்டிய இரு ஊசிகள் போக எஞ்சியது, இரு சுற்றுகளுக்கும் பொதுவான காமன். ஊசிக்கும் கம்ப்ரசர் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் கம்ப்ரசரின் கதை முடிந்தது எனலாம். இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பாராமல், சொற்ப விலையுள்ள ரிலேயின் குற்றத்துக்காகக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வது நியாயமாகாது.

இரட்டைக் கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் நேரும் பழுது ஒன்று, கேஸின் மீது வீண்பழி விழுவதற்கு எல்லாவற்றையும்விடச் சிறந்த உதாரணம். 'மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே கூலிங் இல்லை' என்று வீட்டார் சொல்வார்கள். இவ்வகை ஃபிரிட்ஜில் கூலிங் காயில் ஃபிரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கிறது. அதன்மீது ஒரு ஃபேன் காற்றை இழுத்து மேலும் கீழும் அனுப்புகிறது. காயிலில் படியும் உறைபனியைப் பல மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீட்டர் ஒன்று உருக்கி வடியவிட வேண்டும். டைமர், ஹீட்டர், ஓவர்லோடைப் போலவே இரு உலோகத் தகட்டால் இயங்கும் பைமெட்டல் என்னும் மூன்றில் ஒன்று தவறினால், பனி நாளுக்கு நாள் ஏறிக் காயிலையே சுவராக மூடிவிட, காற்று கீழே போக வழியற்றுப் போகிறது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உண்மை கண்ணெதிரே நிற்கும். காயில் முழுவதும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் கேஸ் நிறைவாக இருக்கிறது. கேஸ் நுழையும் ஓரத்தில் மட்டும் சிறிது பனியும் மற்ற இடம் வெறுமையும் காணப்பட்டால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒரு நாள் முழுக்க அணைத்துத் திறந்து வைத்தபின் சில நாட்கள் நன்றாக ஓடி மறுபடியும் அதே குறை வருவதும், உறைபனி நீக்கும் ஏற்பாட்டையே சுட்டுகிறது.

அம்மூன்றில் எது என்று காணவும் வழியுண்டு. பழைய மாடல்களின் டைமரில் ஸ்க்ரூடிரைவர் நுழைவதற்கென்றே ஒரு பிளவு இருக்கும். மெல்லத் திருப்பினால் 'டக்' என்ற ஓசையோடு கம்ப்ரசர் நின்று ஹீட்டருக்கு மின்சாரம் மாறும். அப்போது கிளாம்ப் மீட்டரில் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம் தெரிந்தால், ஹீட்டரும் பைமெட்டலும் நலம், டைமர்தான் சுற்றவில்லை. தெரியவில்லையென்றால் மற்ற இரண்டில் ஒன்று. இங்கே அனுபவசாலிகளும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பைமெட்டல் குளிரில் மூடியும் சூட்டில் திறந்தும் இருப்பது அதன் இயல்பு. பனியெல்லாம் உருகி அறையின் உஷ்ணத்துக்கு வந்தபின் அதைச் சோதித்துவிட்டு, தொடர்பு இல்லை என்று குப்பையில் எறிந்தால், நல்ல உறுப்பு ஒன்று அநியாயமாகத் தண்டிக்கப்படுகிறது. பனிக்கட்டிக்குள் சிறிது நேரம் புதைத்து வைத்துப் பிறகே அதைச் சோதிக்க வேண்டும்.

ஏ.சி.யில் முதலில் பார்க்க வேண்டியவை அழுக்கேறிய ஃபில்டரும், தூசியடைந்த வெளிக் காயிலும்; இவை கேஸ் குறைவின் குறிகளை அப்படியே நடித்துக் காட்டும். அடுத்தது, கம்ப்ரசர் புறப்பட உதவும் கெப்பாசிட்டர். வெளியே ஃபேன் சுற்றியும் கம்ப்ரசர் உறுமி அடங்குமானால், மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தைத் தக்க ரெசிஸ்டர் கொண்டு முறைப்படி வடித்துவிட்டு (இதைச் செய்யாமல் தொடுவது ஆபத்து) அளந்து பார்க்க, 50 மைக்ரோஃபாரட் என்று பொறித்திருப்பது 30ஆக இளைத்திருப்பதைக் காணலாம். சில நூறு ரூபாயோடு முடிகிற காரியம் இது.

சூட்சுமமான பழுது, காயிலின் உஷ்ணத்தை அறியும் சென்சாரில் இருக்கிறது. உஷ்ணம் குறையக் குறைய இந்தச் சிறு மணி போன்ற தெர்மிஸ்டரின் மின்தடை ஏறும். 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் காட்டும் வகை மிகப் பழக்கமானது. கம்பி அறுந்தால், முடிவு செய்யும் உறுப்பாகிய எலக்ட்ரானிக் போர்டு பிழைக்குறியைக் காட்டிவிடும். ஆனால் அறுந்துபோகாமல், வயதாகித் தடை மட்டும் உயர்ந்துவிட்டால், காயில் உறையும் நிலைக்கு வந்துவிட்டதாக நம்பி போர்டு கம்ப்ரசரை அடிக்கடி நிறுத்திவிடும். பிழைக்குறி எதுவும் தோன்றாது. முடிவு செய்யும் உறுப்பு சரியாகவே முடிவு செய்கிறது, அதற்குக் கிடைத்த செய்திதான் பொய். விலையுயர்ந்த போர்டை மாற்றியும் குறை தீராத வீடுகளில் இதைத்தான் தேட வேண்டும். மீட்டரை மாட்டிச் சென்சாரை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்தால், எண் சீராக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, அறை உஷ்ணத்துக்குரிய அளவிலிருந்து வெகுவாக விலகியிருந்தாலோ, தேடியது கிடைத்துவிட்டது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு குடும்பத்துப் பாலுக்கும் தயிருக்கும் வேண்டுமா என்று கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பெட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே உஷ்ணநிலை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே நிற்க வேண்டும். சூடு ஏறுவது மட்டுமே அபாயம் என்று எண்ணுவது பிழை. மஞ்சட்காமாலை, ரணஜன்னி போன்றவற்றுக்கான, அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பு மருந்துகள் ஒருமுறை உறைந்துவிட்டால், மீண்டும் உருகினாலும் வீரியம் திரும்புவதில்லை. கம்ப்ரசரை நிற்கவிடாத தெர்மோஸ்டாட், நன்றாகக் குளிர்கிறது என்ற நற்பெயருடனேயே மருந்தைக் கெடுத்துவிடும். ஆதலால்தான் அங்கே காலையும் மாலையும் உஷ்ணத்தைக் குறித்துவைக்கச் செய்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் மெக்கானிக், எந்த நாளிலிருந்து நிலை பிறழ்ந்தது என்பதைக் கருவியைத் தொடுமுன்பே அறிந்துகொள்கிறார்.

வீட்டிலும் அத்தகைய சாட்சியம் கிடைக்கும். 'குளிரவில்லை' என்று மட்டும் சொல்லாமல், கம்ப்ரசர் ஓடுகிறதா, ஓடினால் நிற்கிறதா, எந்தத் தட்டில் குளிர் இல்லை, கரண்ட் போய் வந்தபின் தொடங்கியதா என்று நான்கு விவரங்களைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். உறுப்பை மாற்றியவுடன் மெக்கானிக் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட விடாமல், கம்ப்ரசர் ஒருமுறை தானே நின்று மறுபடி தானே ஓடும்வரை இருக்கச் சொல்வதும், மாற்றிய உறுப்பின் பெயர், தேதி, கேஸ் நிரப்பியிருந்தால் அதன் வகையும் எத்தனை கிராம் என்பதும் எழுதிய சீட்டை ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டிப் போகச் சொல்வதும் உடையவரின் உரிமை. அடுத்து வருகிறவர் முதலில் படிக்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.