சுகர் சட்டென்று இறங்கும்போது கண் என்ன ஆகும்?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, எடை இறங்கும் முன்பே சுகர் இறங்கிவிடும். குடல் பாதையை மாற்றும் பைபாஸ் முறையில் சில நாட்களிலேயே இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் கண் மருத்துவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேகம்தான் சிக்கல்

பல ஆண்டு உயர் சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நைந்திருக்கும். சில அடைத்தும் போயிருக்கும். சர்க்கரை கூடுதலாக இருந்தவரை விழித்திரைக்கு ரத்த ஓட்டமும் கூடுதலாகவே இருந்திருக்கும். சர்க்கரை சட்டென்று விழுந்தால் அந்த ஓட்டமும் குறைய, ஏற்கெனவே அரைகுறையாகப் பிழைத்துவந்த பகுதிகள் பட்டினி கிடக்கின்றன என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். பஞ்சுத் துணுக்கு போன்ற வெள்ளைப் புள்ளிகளும் புதிய ரத்தக் கசிவும் தோன்றலாம்.

கத்தி படாமலேயே இது நடப்பதுண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து, 1993-இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வில், டைப் 1 நோயாளிகளுக்கு இன்சுலினால் சுகரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். முதல் ஓராண்டுக்குள் அவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு மோசமானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆண்டுகள் போகப்போக நிலைமை தலைகீழானது. விழித்திரை பாதிப்பு இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு அது வரும் அபாயத்தைக் கடும் கட்டுப்பாடு 76 சதவீதம் குறைத்தது. அதனால் சுகர் இறங்குவதற்குப் பயந்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கண்ணைப் பார்க்காமல் மேசையில் படுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

முன்னும் பின்னும்

இதயத்துக்கு எக்கோ எடுப்பதுபோல, அறுவைக்கு முன் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பார்வை தெளிவாக இருப்பதை நம்ப முடியாது. விழித்திரை நோய் முற்றும்வரை ஓசைப்படாமல் இருக்கும். புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் லேசர், ஊசி போன்ற சிகிச்சையை முதலில் முடிப்பது நல்லது. ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்கள், நீண்டகாலமாக இன்சுலின் போடுபவர்கள், சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி மிக உயர்ந்திருப்பவர்கள் முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும்.

“எனக்குத்தான் சுகரே இல்லையே”

சுவீடனின் எஸ்ஓஎஸ் ஆய்வில், அறுவை சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பதினைந்தாம் ஆண்டில் அது 30 சதவீதமாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தியவர்களும் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பார்வைக் கோளாறுக்கு வேறு காரணங்கள்

சுகர் மாறும்போது கண்ணின் லென்சும் வடிவம் மாறிப் பார்வை மங்கலாம். புதுக் கண்ணாடிக்குச் சில வாரம் பொறுங்கள். இருட்டில் தடுமாற்றம் இருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். பைபாஸுக்குப் பின் அதுபோன்ற கொழுப்பில் கரையும் சத்துகள் சரியாக உடலில் சேராமல் போகலாம். விடாத வாந்தியோடு இரட்டைப் பார்வையும் நடைத் தள்ளாட்டமும் வந்தால் தயாமின் குறைபாடாக இருக்கலாம். அது மூளையைத் தாக்கும் அவசர நிலை.

திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும்.