பீரோவுக்குள் ஒளியும் மாத்திரை

டீ ஆறுகிறது, குடியுங்கள். குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரை சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கும். வந்த விருந்தாளியும் "எனக்கும் இதேதான்" என்று பேச்சை ஆரம்பிப்பார். மனநோய்க்கான மாத்திரை மட்டும் பீரோவில், புடவை மடிப்புக்குள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த இடமும் போய்விடும். "மாமியார் வீட்டுக்குத் தெரிய வேணாம், இப்பதான் நல்லா இருக்கியே" என்று சொல்லி அனுப்புவார்கள். மாத்திரை நின்றுவிடும்.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். வரன் பார்க்கும் வயது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கும், காரணமில்லாமல் சந்தேகம் வரும், தூக்கம் போகும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் நோய் திரும்பும். இடைவெளி இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. "புது இடம் ஒத்துக்கலை", "யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்பார்கள். மந்திரிப்பு, தாயத்து என்று மாதங்கள் ஓடும். பழி மட்டும் அந்தப் பெண்மேல் விழும். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

ஒளித்துவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் பார்த்தோம். அங்குள்ள தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் போனது; 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்ட எல்லாரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். வேறு போக்கிடம் தெரியாதவர்கள் பலர். வேண்டுதலும் குற்றமில்லை. தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரச் சொல்கிறது. இதைக் காப்பீட்டு முகவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

வரன் பேசும்போதே இரு வீட்டாரும் கூடி உட்கார்ந்து நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு சம்பந்தம் தட்டிப்போகும், போகட்டும். தெரிந்து கட்டிக்கொள்கிறவர்தான் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பார். குழந்தைக்குத் திட்டமிடும்போது மருந்தைத் தாமாக விடாமல் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.