பூனைக்கு ஒரு யூனிட்

பூனைக்கு இன்சுலின் போடும்போது பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல, சிரிஞ்சில் இருக்கும் கோடுகளுக்கு. 12 மணிநேரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரு யூனிட்டில்தான் ஆரம்பிப்பார்கள். நம்மூர் மருந்துக்கடையில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அடர்த்தியில் இன்சுலின் கிடைக்கும். சிரிஞ்சும் அப்படியே: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட்! நமக்கு அது பெரிதாகத் தெரியாது. நாலு கிலோ பூனைக்கு உயிர் போற விஷயம்.

அடுத்தது சர்க்கரை பார்ப்பது. கிளினிக் மேஜையில் பதற்றத்திலேயே அளவு 300-ஐத் தாண்டலாம், நோயே இல்லாத பூனைக்கும்கூட. அதை நம்பி டோஸை ஏற்றினால் வீட்டில் மயங்கி விழும். வீட்டிலேயே காது ஓரத்தில் குத்திப் பார்ப்பதுதான் மேல். ஊசிக்கு முந்தைய அளவு மட்டும் போதாது. ஒருநாள் முழுக்க இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்தால்தான் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தெரியும். டாக்டர் டோஸை முடிவு செய்வது அதை வைத்துத்தான். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்துக்குப் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் வழக்கமான டோஸைப் போட்டுடாதீங்க, முதலில் டாக்டருக்கு போன். தள்ளாடினால் ஈறில் தேனைத் தடவிவிட்டு, தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.