மூன்று தீவுகளின் மின்னொளி

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலையோடு இணையாதவை. டீசல் எண்ணெயைக் கடல்வழியே கொணர்ந்து, மின்பிறப்பாக்கிகளை ஓட்டியே அங்கு விளக்கெரிக்கப்பட்டு வந்தது. சோழகம் பனைகளை உலுப்பும் தீவகத்தில், வெயிலுக்கும் குறைவில்லாத இடத்தில், எண்ணெயை விலைகொடுத்து இறக்குவது வியப்புக்குரியதே.

காற்றையும் வெயிலையும் கொண்டு மின்னாக்கும் திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வகுக்கப்பட்டது. அதனைச் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்க 2021 ஜனவரியில் அமைச்சரவை இசைந்தது. பகிரங்கமாகக் கேள்விப்பத்திரம் கோருதல் வேண்டும். தகுதியும் மலிவும் உடையவர் தெரிவாதல் வேண்டும். வங்கியின் உறுப்பு நாடுகளுள் அவர் எந்நாட்டவர் என்பது பொருட்டன்று. பன்னாட்டு வங்கிகள் வழங்கும் கடனுக்குரிய நெறி இதுவேயாகும்.

இந்தியாவோ, தமிழ்நாட்டுக் கரைக்கு இத்துணை அண்மையில் சீனரின் பணி நிகழ்வதை விரும்பவில்லை. கடனுக்கு மாறாக நன்கொடையே தருவதாக அது முன்வந்தது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் பணி இடைநிறுத்தப்பட்டதெனச் சீனத் தூதரகம் 2021 டிசம்பரில் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்னிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்ததையும் உடன் கூறத் தவறவில்லை. 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்பாடு கண்டன. 2024 மார்ச் 1ஆம் நாள் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நன்கொடை ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் டொலர். காற்றிலிருந்து 530 கிலோவாற்று, வெயிலிலிருந்து 1,700 கிலோவாற்று, சேமிப்புக்கு 2,400 கிலோவாற்று-மணி மின்கலம் என்பன அதில் அடங்கும். 2,500 கிலோவாற்று டீசல் பிறப்பாக்கிகளும் துணையாக நிற்கும். எண்ணெய் முற்றாக விடைபெறவில்லை!

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்த நாட்டுக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் பெருநன்மையே. ஆயினும் அப்பணத்தோடு, கொடுப்பவர் நாட்டு நிறுவனமும் வந்து சேர்கிறது. உதவியை இவ்வாறு தம் நாட்டு வணிகத்தோடு பிணைக்கும் வழக்கம் முன்னர் மேல்நாடுகளிடம் மிகுந்திருந்தது. மிக வறிய நாடுகளுக்கான உதவியில் அதனைக் கைவிடுமாறு, செல்வ நாடுகளின் பொருளாதார அமைப்பு 2001இல் பரிந்துரைத்தது. அவ்வமைப்பில் உறுப்புரிமை பெறாத இந்தியாவும் சீனாவும் இன்று கொடையாளராகும்போது, பிணைப்பு மறுபடியும் இயல்பாகிவிடுகிறது. மலிவாக முடிப்பவர் யார் என்ற வினாவை, யாருடைய கரைக்கு அருகில் என்ற வினா முந்திக்கொள்கிறது.

தீவுவாசிகளிடம் இவ்விரண்டில் எதனையும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அமைச்சரவையின் முதல் இசைவுக்கும் பிந்திய ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலமெல்லாம் டீசல் எண்ணெய் கடல் கடந்து வந்துகொண்டே இருந்தது.