காளான் சாறு ஈஸ்ட் தொற்றைத் தீர்க்குமா?

நீரிழிவு நோயாளியின் நாக்கில் வெண்படலம் படர்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு விழுங்கும்போது தொண்டை வலிக்கிறது. ஒரு பெண்ணின் பிறப்புறுப்பில் ஏற்பட்ட அரிப்பு மருந்தால் அடங்கிச் சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டுகிறது. மூன்றுக்கும் பெரும்பாலும் காரணமாவது காண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. இத்தகைய நோயாளிகளின் வீட்டார் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு: “மருத்துவக் காளானின் சாறு இந்தப் பூஞ்சையைக் கொல்லும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்களாமே, அதைக் கொடுத்துப் பார்க்கலாமா?”

இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. காளானும் ஒரு பூஞ்சையே. காட்டில் விழுந்து கிடக்கும் ஒரே மரக்கட்டைக்காகப் பல பூஞ்சைகள் போட்டியிடுகின்றன. ஒன்றன் வளர்ச்சியை மற்றொன்று வேதிப்பொருள்களால் தடுக்கிறது. பைன் மரக் காய்களின்மீது முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து 1977ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபிலூரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு உருவானவை இன்று வயல்களில் தெளிக்கப்படும் பூஞ்சைக்கொல்லிகள் பல. ஆனால் அவை பயிருக்கு மருந்தாயினவே அன்றி, மனிதர் உட்கொள்ளும் மருந்தாகவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன? ரெய்ஷி, ஷீட்டாக்கே போன்ற காளான்களை உலர்த்திப் பொடித்து, வெந்நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். காண்டிடா பரப்பப்பட்ட தட்டின்மீது, அந்தச் சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை வைக்கிறார்கள். ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் கழிந்தபின், வில்லையைச் சுற்றிப் பூஞ்சை வளராத வளையம் தெரிந்தால் சாற்றுக்கு ஆற்றல் உண்டு எனக் கொள்கிறார்கள். வேறொரு முறையில், 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, பூஞ்சையைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டறிகிறார்கள். ஒப்பிடுவதற்காக ஃப்ளுகோனசோல் போன்ற மருந்தையும், சாறு கலக்காத வெறும் ஆல்கஹாலையும் உடன் வைப்பது வழக்கம். ஏனெனில் ஆல்கஹால் தானே பூஞ்சையைக் கொல்லக்கூடியது.

வளையம் தெரிந்துவிட்டால் மருந்து கிடைத்துவிட்டதாகாது. துணி வெளுக்கும் பிளீச்சிங் நீரும் தட்டில் வளையத்தை உண்டாக்கும். அதனை எவரும் அருந்துவதில்லை. பூஞ்சையின் உயிரணு, பாக்டீரியாவின் உயிரணுவைக் காட்டிலும் நம் உயிரணுவையே பெரிதும் ஒத்தது. ஆகவே பூஞ்சையைக் கொல்வது நம்மையும் தாக்கக்கூடும். தட்டில் பயன்பட்ட செறிவு, விழுங்கிய மாத்திரையிலிருந்து குருதிக்கு வந்து சேரும் என்பதற்கும் உறுதியில்லை. மேலும், காளான் வளர்ந்த மரம், சாறு எடுத்த முறை ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் உட்பொருள் மாறும்.

இந்தத் தடைகளைக் கடந்து வந்த மருந்து ஒன்றின் வரலாறு நோக்கத்தக்கது. நியூயார்க் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வாளர்களான எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரௌன் ஆகிய இருவரும் மண் மாதிரிகளிலுள்ள நுண்ணுயிர்களில் பூஞ்சை எதிர்ப்புப் பொருளைத் தேடினர். பூஞ்சையைக் கொன்ற பொருள்கள் பல, விலங்குகளுக்கும் நஞ்சாயிருந்ததால் ஒதுக்கப்பட்டன. வர்ஜீனியாவின் ஒரு பண்ணை மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்த பொருளே தேறியது. 1950ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்கு அம்மாநிலத்தின் பெயரைத் தழுவி நிஸ்டாடின் எனப் பெயரிட்டனர். வாயில் ஏற்படும் ஈஸ்ட் தொற்றுக்கு இன்றும் அது தரப்படுகிறது.

பூஞ்சையிலிருந்தும் மருந்து பிறந்திருக்கிறது. ஜூனிப்பர் மர இலையில் வாழும் ஒரு பூஞ்சையின் வேதிப்பொருளை மாற்றியமைத்து உருவாக்கிய ஐபிரெக்ஸாஃபஞ்சர்ப், நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டபின், 2021ஆம் ஆண்டு பெண்களின் ஈஸ்ட் தொற்றுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத காண்டிடா ஆரிஸ் போன்ற பூஞ்சைகளை 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் மிக முதன்மையான அச்சுறுத்தல்களின் வரிசையில் சேர்த்தது. ஆதலால் காளான் ஆய்வுகள் தொடர வேண்டியவையே. எனினும், காளான் சாறு மட்டுமே காண்டிடா தொற்றைக் குணப்படுத்தும் என்று பெரிய அளவிலான மனிதச் சோதனை எதுவும் இதுவரை நிறுவவில்லை.

ஆகவே நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கருத்தில் கொள்ள வேண்டியவை:

• மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிட்டுக் காளான் மாத்திரைக்கு மாறாதீர்கள். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவரின் குருதியில் காண்டிடா கலந்தால் உயிருக்கே ஆபத்து.

• ஏற்கெனவே காளான் பொடியோ மாத்திரையோ உட்கொண்டால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். புட்டியையும் எடுத்து வாருங்கள். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கு ரெய்ஷியால் குருதிக்கசிவு கூடக்கூடும். ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

• நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தியதும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். பல்செட்டை இரவில் கழற்றித் தூய்மை செய்யுங்கள்.

• தொற்று அடிக்கடி திரும்பினாலும், விழுங்குவதில் வலி இருந்தாலும், காய்ச்சலும் நடுக்கமும் கண்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, சோதனை நடந்தது தட்டிலா, விலங்கிலா, மனிதரிலா என்று பாருங்கள். ஐயம் இருப்பின் அச்செய்தியையே உடன் கொண்டுவந்து உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.