சுண்டைக்காய்த் தீவின் பெண்

உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு செயின்ட் லூசியா எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். கரிபியன் கடலில், தாளிக்கும்போது தெறித்த கடுகு போல வரிசையாகச் சில தீவுகள் தெரியும். அவற்றில் ஒன்றுதான் அது. பரப்பு 617 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 1,80,000. ‘சுண்டைக்காய் தேசம்’ என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள்.

இத்தகைய நாடுகள் ஒலிம்பிக் மைதானத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, சலுகை வாசல். தகுதி பெற்ற ஓட்டக்காரர் ஒருவர்கூட இல்லாத நாடு, ஓர் ஆணையோ பெண்ணையோ அனுப்பிக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் சுற்றோடு சரி. கொடி பிடித்து ஊர்வலம் வந்த திருப்திதான் மிச்சம். (அதுவும் லேசான திருப்தியல்ல.) மற்றது நேர் வாசல். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுடைய 100 மீட்டர் ஓட்டத்துக்கு அந்த வாசலில் கேட்ட விலை 11.07 வினாடி!

ஜூலியன் ஆல்ஃபிரெட் நேர் வாசலில் வந்தவள்.

தலைநகரான காஸ்ட்ரீஸில் 2001-ல் பிறந்தவள். காலில் செருப்பு இல்லாமல், பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடிப் பழகியவள். 2013-ல், அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, தகப்பனார் காலமானார். ‘இனி ஓட்டமே வேண்டாம்’ என்று குழந்தை ஒதுங்கிவிட்டாள். பயிற்சியாளர்தான் திரும்ப அழைத்து வந்தார். பதினாலாவது வயதில் ஜமைக்காவுக்குத் தனியாகப் படிக்கப் போனாள். பதினாலு வயதுப் பெண்ணைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அமெரிக்காவில் டெக்ஸஸ் சர்வகலாசாலை.

2024 ஆகஸ்ட் 3-ந் தேதி இரவு. பாரிஸில் மழை. எல்லோரும் எதிர்பார்த்தது அமெரிக்காவின் ஷாகாரி ரிச்சர்ட்ஸனை. துப்பாக்கி வெடித்தது, 10.72 வினாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. ரிச்சர்ட்ஸன் 10.87-ல் இரண்டாவது. மார்பில் குத்தியிருந்த தன் பெயர்ச் சீட்டைப் பிய்த்து உயர்த்திக் காட்டினாள் ஜூலியன். அப்பா இருந்திருந்தால் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிக் கண் கலங்கினாள்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாலை, அதே மைதானத்தில், இன்னொரு குட்டித் தீவான டொமினிகாவின் தியா லாஃபான்டும் மும்முறைத் தாண்டலில் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாள். அங்கே ஜனத்தொகை சுமார் 70,000. இவள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவள். 2016-ல் ரியோவில் தகுதிச் சுற்றோடு வெளியேறியவள். டோக்கியோவில் இறுதி வரை வந்தும் வெறுங்கையோடு திரும்பியவள். இரண்டு தீவுகளும் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது 1996-ல். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து, இரண்டுக்கும் முதல் பதக்கம் ஒரே நாளில்!

மூன்று நாள் கழித்து 200 மீட்டரில் ஜூலியன் வெள்ளியும் வாங்கினாள். அவள் ஊரில் தீவே தெருவுக்கு வந்து ஆடியது.

ஆனால் அவள் கேட்டது மாலையோ பரிசோ அல்ல, ஒரு ஸ்டேடியம். தீவில் பெரிய ஸ்டேடியம் இல்லாமலில்லை. 2009-ல் ஆஸ்பத்திரி ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, நோயாளிகளைத் தற்காலிகமாக அந்த ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினைந்து வருஷம் கழித்து அவள் தங்கம் வென்ற அன்றும், ஆஸ்பத்திரி அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.